நடு வீடு

என் மனைவி பிறந்த நாள் தொட்டு அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் வாழ்ந்தவள். அவர்களிடமிருந்து அவளைக் கடல் பிரித்தது என்று ஊரில் சொல்வார்கள். கடல் வீட்டை எடுத்தது, அது உண்மை. அவளைப் பிரித்தவன் நான். ஒரே ஒரு வாக்கியத்தால் பிரித்தேன், அதுவும் ஆங்கிலத்தில்.

அப்போது நாங்கள் நாவலடியில் இருந்தோம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, இடையில் மணல். வாவியை எங்கள் ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். ஆற்றுக்கு அப்பால் மட்டக்களப்பு நகரம். நான் காலையில் சைக்கிளில் பாலம் கடந்து போய் நகரத்துப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பித்துவிட்டுப் பின்னேரம் திரும்புவேன். வீடு நின்ற காணி, எங்கள் பேச்சில் வளவு, என் மாமியாருடையது. எங்கள் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. மகள் வளர வளரத் தாய் கல்லும் சீமெந்தும் சேர்ப்பாள். மகளுக்குக் கலியாணம் முடிந்ததும் மருமகன் ஒரு சூட்கேசுடன் வந்து சேருவான். என் மாமியார் மூன்று மகள்மாருக்கும் ஒரே வளவில் மூன்று வீடு கட்டினார். கடல் பக்கத்து வீடு மூத்தவளுக்கு, ஆற்றுப் பக்கத்து வீடு இளையவளுக்கு, நடு வீடு என் மனைவிக்கு. நான் ஒரு பட்டச் சான்றிதழும் இரண்டு பெட்டி புத்தகமும் கொண்டு நடு வீட்டுக்கு வந்தேன்.

வந்த பிறகுதான் தெரிந்தது, நடு வீட்டில் இருப்பது சந்தியில் கதிரை போட்டு இருப்பது போன்றது என்று. மூத்த வீட்டுச் சீனி இளைய வீட்டுக்குப் போவதானால் என் விறாந்தையால்தான் போகும். இளைய வீட்டுக் கறி மூத்த வீட்டுக்குப் போகும் வழியில் என் மேசையில் இறங்கி, மூடி திறக்கப்பட்டு, உப்புப் பார்க்கப்பட்டு, மறுபடி கிளம்பும். மூன்று குசினிக்கும் யன்னல் இருந்தது. அந்த யன்னல்களால் மூன்று சகோதரிகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே நாள் முழுவதும் கதைப்பார்கள். வானொலியில் செய்தி தொடங்கியதும் அவர்களுடைய செய்தியும் தொடங்கும். இரண்டையும் கேட்டு நான் இரண்டிலும் பாதியை விட்டுவிடுவேன்.

மூத்த மச்சாள் கேட்டுக்கேள்வியில்லாமல் உள்ளே வருவா.

"மச்சான், இந்தச் சேட்டு வேணா. பின்னால சாயம் போயிரிக்கு. மற்ற நீலத்தப் போடுங்க."

"பின்னால நான் பாக்கிறதா மச்சாள்?"

"நீங்க பாக்க மாட்டீங்க. ரோட்டில போறவன் பாப்பான். பாத்துட்டு என்ட தங்கச்சியத்தான் சொல்லுவான்."

நான் நீலச் சேட்டைப் போட்டுக்கொண்டு போவேன். சிதறிய குடியிருப்பு, செறிந்த குடியிருப்பு, நேர்கோட்டுக் குடியிருப்பு என்று கரும்பலகையில் புள்ளி வைத்துப் படிப்பித்த எனக்கு, பின்னேரம் நுழைகிற வளவு எந்த வகை என்று ஒருநாளும் யோசிக்கத் தோன்றவில்லை. எனக்கு இருந்த ஒரே யோசனை எனக்கென்று ஒரு வீடு. நாலு பக்கமும் மதில் உள்ள வீடு. அதை யாரிடமும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் மனைவிக்கு முன் மூத்த மச்சாளுக்குத் தெரிந்திருக்கும்.

கடல் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லோரும் வந்தாறுமூலையில் நின்றோம். மூத்த சகலனின் சொந்தத்தில் ஒரு புதுவீட்டுக் குடிபூரல். முதல் நாளே போய்த் தங்கிவிட்டோம். பால் பொங்கி, சாப்பாடும் முடிகிற நேரத்தில், கடல் ஊருக்குள் வந்துவிட்டதாம் என்று ஒருவர் சைக்கிளில் வந்து சொன்னார். கடல் அப்படியெல்லாம் வராது என்று நான் அவரை நிறுத்திவைத்து விளக்கம் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மூன்று பெண்களும் ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள்.

திரும்பிப் போக விட்டபோது எங்கள் வளவில் கிணறு மட்டும் இருந்தது. அயலில் இருந்த பலர் இல்லை. அவர்களைப் பற்றி எழுத எனக்கு இன்றும் கை வராது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூத்த மச்சாள் வெறும் மணலில் அங்கும் இங்கும் நடந்து பார்த்துவிட்டு ஓரிடத்தில் நின்றா. "இது என்ட குசினி," என்றா. இளையவள் போய் இன்னோரிடத்தில் நின்றாள். என் மனைவி நடுவில் நின்றாள். அப்படியே நின்று, கூரையும் சுவரும் யன்னலும் இல்லாமல், மூன்று பேரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். என்ன கதைத்தார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. நான் கிணற்றடியில் நின்றேன்.

பாடசாலை, கூடாரம், தகரக் கொட்டில் என்று காலம் போனது. பிறகு தன்னாமுனைப் பக்கம், ஆற்றிலிருந்து சற்று உள்ளே, புதிய வீட்டுத் திட்டம் ஒன்று வந்தது. ஆங்கிலம் தெரியும் என்பதால் என்னைக் குழுவின் செயலாளராக்கினார்கள். ஒருநாள் ஒரு வெளிநாட்டுப் பொறியியலாளன் வந்தான். வெயிலில் மூக்கு உரிந்த பெடியன், நல்லவன். முந்திரிகை மரத்தின் கீழ் வரைபடத்தை விரித்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். சொந்தக்காரர்களைப் பக்கம் பக்கமாகப் போடவா, அல்லது எல்லோருக்கும் சீட்டுக் குலுக்கிக் கொடுக்கவா? ஆட்களைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றும் சொன்னான்.

ஆட்கள் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். திரும்பிக் கேட்க வேண்டியதுதான். நான் திரும்பவில்லை. "எங்கள் மக்களுக்கு அது ஒரு பொருட்டில்லை, சீட்டுத்தான் நீதி," என்று நல்ல இலக்கண சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னேன். அவன் குறித்துக்கொண்டான்.

"என்ன கேக்கான் மச்சான்?" என்று பின்னாலிருந்து மூத்த மச்சாள் கேட்டா.

"தண்ணி வசதியப் பத்தி."

"குழாய்த் தண்ணி வேணா எண்டு சொல்லுங்க. கிணறு வெட்டித் தரட்டும்."

அதை மட்டும் ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக் குலுக்கினார்கள். மூத்த மச்சாளுக்கு ரோட்டோரம் விழுந்தது. இளையவளுக்கு வயல் வட்டை தொடங்குகிற கடைசி ஒழுங்கை. எங்களுக்கு நடு ஒழுங்கை. என் மனைவி தன் சீட்டை விரித்துப் பார்த்தாள். அக்காவின் சீட்டைப் பார்த்தாள். "இவ்வளவு தூரமா," என்றாள். நான் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் எனக்கு இருந்தது வேறு.

அந்த வீட்டில் முதல் மாதங்களில் நான் அடைந்த சந்தோசத்தை மறைக்கக் கூடாது. ஒழுங்கைகள் கயிறு பிடித்தது போல் நேராக ஓடின. ஒவ்வொரு வீட்டுக்கும் இலக்கம். மின்கம்பங்கள். கிராமத்தை உதறிவிட்டு நகரத்துக்குள் குடிவந்தது போல் இருந்தது எனக்கு. மதில் கட்டினேன். படலையில் பெயரையும் பட்டத்தையும் எழுதிப் பலகை தொங்கவிட்டேன். விறாந்தையில் கதிரையைப் போட்டுச் செய்தியை முதலிலிருந்து கடைசி வரை கேட்டேன். என் மேசையில் இறங்கி ஏறுகிற கறி எதுவும் இல்லை. பதிவில் என்னைக் குடும்பத் தலைவர் என்று போட்டிருந்தார்கள். மனைவியின் சொந்தக்காரர்களுக்கு அது பெரிய பகிடி. மூத்த சகலன் ரோட்டிலிருந்தே கூப்பிடுவார்.

"தலைவர் நிக்காரா?"

"சத்தமாக் கூப்பிடாதீங்க," என்று என் மனைவி ஓடிவருவாள். "சந்தியில ஆமி நிக்கான். வேற தலைவரெண்டு நினைச்சு உள்ள வந்திருவான்."

"வந்து பாத்தா ஏமாந்து போவான் புள்ள. இவரு செய்தியெல்லோ கேட்டுக்கொண்டிரிக்கார்."

ஆனால் தலைவர் வீட்டில் தனியாகத்தான் இருந்தார். என் மனைவி காலைத் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, ஒரு கையில் தேங்காய்ப் பாதியும் மறு கையில் திருவலையுமாக அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள். பூவைத் திருவி எடுத்துக்கொண்டு வந்து சமைப்பாள். மறுபடி தங்கை வீட்டுக்குப் போவாள்.

"இஞ்ச திருவ ஏலாதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"ஏலும். ஆரோட திருவுற?"

நான் வானொலியைத் திருகினேன்.

பிறகுதான் அந்த வேடிக்கை தொடங்கியது. முதலில் முன் ஒழுங்கையில் ஒரு பெண்ணும் பின் ஒழுங்கையில் ஒரு பெண்ணும் தங்களுக்குள் கதைத்து வீடு மாறினார்கள். ஒருத்திக்குத் தாயின் பக்கம் வர வேண்டும், மற்றவளுக்குத் தமக்கையின் பக்கம். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். ஒரு கிழமை போனது. திட்டம் முழுவதும் தளபாடம் நடமாடத் தொடங்கியது. லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் அலுமாரிகள் நின்றபடி ஊர்வலம் போயின. கட்டில்களைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆண்கள் எதிரெதிரே வந்து, ஒருவருக்கொருவர் வழி விட முடியாமல் நின்று சிரித்தார்கள். அவரவர் பெண்சாதி சொல்கிற பக்கம் அவர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள், அவ்வளவுதான்.

நான் செயலாளர். கூட்டம் கூட்டினேன். சீட்டு என்பது நீதி, இலக்கம் என்பது ஒழுங்கு, நாங்கள் இனி நகரத்து ஆட்களைப் போல் வாழப் பழக வேண்டும் என்று பேசினேன். எல்லோரும் வந்திருந்து, மரியாதையாகக் கேட்டு, தேத்தண்ணியும் குடித்தார்கள்.

"சேர் சொல்லுறது சரி," என்று முன்னாலிருந்த ஒரு பெண் எழும்பினாள். "சட்டமெண்டாச் சட்டந்தான். மறுகா, எங்கட அலுமாரி ஒழுங்கைக்க நிக்குது, மழை வரப் பாக்குது. ரெண்டு பேரு வாங்க, தூக்கிட்டு வந்து மிச்சத்தக் கேப்பம்."

கூட்டம் முழுவதும் அலுமாரி தூக்கப் போய்விட்டது.

கொஞ்ச நாளில் தபால்காரரும் இலக்கத்தைக் கைவிட்டார். கடிதத்தை நீட்டி, "இவ எந்த அம்மாட மகள்?" என்று கேட்பார். தாய் பெயரைச் சொன்னால் நேராக அந்தக் கூட்டத்துக்குப் போய்க் கொடுத்துவிடுவார். நாவலடி வளவுகள் எப்படி இருந்தனவோ, அதே கணக்கில் திட்டம் தன்னைத் தானே அடுக்கிக்கொண்டது. மூத்த மச்சாளும் இளையவளும் பின் ஒழுங்கையில் கிட்டக் கிட்ட வந்துவிட்டார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு வீடு. அதில் ஒரு மீன்பிடிகாரர் தனியே இருந்தார். மாங்கேணியில் பிறந்து, நாவலடியில் கலியாணம் முடித்து, கடலில் மனைவியைப் பறிகொடுத்தவர். சீட்டு விழுந்த இலக்கத்தில் மாறாமல் இருந்தவர்கள் அவரும் நாங்களும்தான். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. என் மனைவி ஒரு சொல் சொல்லவில்லை.

அடுத்த வருசம் வாகரைப் பக்கம் சண்டை மூண்டது. அங்கிருந்த சனம் நடந்தும் தோணியிலும் வந்து, எங்கள் பக்கத்துப் பாடசாலைகளிலும் மரங்களின் கீழும் தங்கியது. திட்டத்துப் பெண்கள் பெரிய கிடாரங்களில் அவர்களுக்குச் சமைத்தார்கள். ஷெல் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் தரையோடு படுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லியிருந்தது. என் மனைவி படுக்கமாட்டாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, குனிந்தபடி, திறந்த ஒழுங்கைகளால் பின் ஒழுங்கைக்கு ஓடுவாள். அக்காவைத் தொட்டால்தான் அவளுக்கு நெஞ்சு அடங்கும். ஒரு பின்னேரம் நான் பின்னால் ஓடினேன். பிடிக்க முடியவில்லை. அவள் ஓடிய தூரம் முழுவதும் என் வாக்கியத்தின் நீளம் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. விளங்கியும் வாயைத் திறக்கவில்லை. மதிலுக்கு அப்போதுதான் வெள்ளை அடித்திருந்தேன்.

யுத்தம் முடிந்தது. சந்தியில் நின்ற மண்மூட்டைகளை எடுத்தார்கள். அந்த இடத்தில் ஒருவர் கச்சான் கடலை விற்க இருந்தார். பஸ்ஸில் சோதனைக்கு இறங்கி ஏறாமல் நகரத்துக்குப் போய்வரலாம் என்றானதும் பெண்கள் காரணமில்லாமல் பஸ் ஏறினார்கள். அந்த நாட்களில்தான் அறிவிப்பு வந்தது. வீடுகளுக்கு உறுதிப் பத்திரம் எழுதப் போகிறார்கள். இப்போது யார் எதில் குடியிருக்கிறார்களோ அவர்களுக்கே அது. எழுதிய பிறகு மாற்ற முடியாது.

அன்று மனைவி தேங்காயை எடுத்துக்கொண்டு வழக்கம் போல் போனாள். வழக்கத்தை விட மெதுவாகப் போனாள். நான் சேட்டைப் போட்டுக்கொண்டு நேராக மீன்பிடிகாரரிடம் போனேன். அவர் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"வீட்ட மாத்துவமா?" என்றேன். சுற்றி வளைக்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்பதான் கேக்கிறீங்களா, சேர்? உங்கட வீட்டில இருந்து ஆத்தடிக்கு நாலு எட்டு. நான் இத்தின வருசமா வலையத் தோளில போட்டுக்கொண்டு உங்கட படலையாலதான் போறன். எங்க போறாயெண்டு ஒருநாளாச்சும் கேட்டீங்களா?"

"நீங்க என்னட்டச் சொல்லியிரிக்கலாமே."

"உங்கட வீட்டுக்காரி வந்து கேட்டவ. அலுமாரியெல்லாம் ஓடித்திரிஞ்ச நேரத்திலேயே கேட்டவ. எனக்குச் சந்தோசம், சேர்ட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டு வாங்க எண்டன். மறுகா வரல்ல. நீங்க மாட்டெண்டுட்டீங்களாக்கும் எண்டு நானும் விட்டுட்டன்."

நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. என்னிடம் அவள் கேட்கவே இல்லை.

பக்கத்து வீடுதான் மூத்த மச்சாளுடையது. குசினிக்குள் மூன்று பேரும் இருந்தார்கள். வீடு மாறப் போகிறோம், நடு வீட்டுக்கு வரப் போகிறோம் என்றேன். இளையவள் திருவலையை விட்டு எழும்பித் துள்ளினாள். மூத்த மச்சாள் என் தலையை இரண்டு கையாலும் தடவி நெட்டி முறித்தா.

"என்ட மச்சான் தங்கம்! படிச்ச மனிசனெண்டா இப்பிடியெல்லோ இரிக்க வேணும். நான் அண்டைக்கே சொன்னன், இவரு மனசுக்க ஒண்டையும் வைக்காத ஆளெண்டு."

ஏச்சாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். புகழ்ச்சியைத் தாங்க முடியவில்லை.

"மச்சாள், முந்திரிகை மரத்துக்குக் கீழ அந்த வெள்ளைக்காரன் தண்ணியப் பத்திக் கேக்கல்ல," என்றேன். அவன் கேட்டதையும், நான் சொன்னதையும், ஏன் சொன்னேன் என்பதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன்.

மூத்த மச்சாள் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தா.

"எங்களோட இரிக்கிறது அவ்வளவு வெறுப்பா மச்சான்?"

"ஓம், மச்சாள். அப்ப வெறுப்புத்தான்."

அவ என்னை மேலும் கீழும் பார்த்தா. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தா. "நாங்களும் உங்களோட வெறுப்பாத்தான் இரிந்தம். காலத்தால நியூசு, மத்தியானம் நியூசு, பொழுதுபட நியூசு. ஒரு நல்ல பாட்டுப் போட விட்டீங்களா? ஆனா நாங்க அத வெள்ளைக்காரனுக்கிட்டப் போய்ச் சொல்லல்லையே!"

இளையவளும் சிரித்தாள். என் மனைவி சிரிக்கவில்லை. அவள் மிளகாயை நறுக்கி முடித்து, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்தாள்.

"சாமான் ஏத்த லாண்ட்மாஸ்டர் பிடியுங்க," என்றாள். அதற்குப் பிறகு பல நாட்களுக்கு அவள் என்னோடு கதைத்ததெல்லாம் அந்த மாதிரி வேலைக் கதைதான். சோறு போட்டிரிக்கு. படலையப் பூட்டுங்க. கட்டில இன்னும் கொஞ்சம் தள்ளுங்க. நான் சொன்னபடி தள்ளினேன்.

உறுதி எழுத வந்த எழுதுவினைஞர் வேறு மாவட்டத்துப் பெடியன். குடும்பத் தலைவர் என்று என் பெயரை எழுதப் போனான். நான் தடுத்து மனைவியின் பெயரைச் சொன்னேன். "ஏன் ஐயா, பிரச்சினை ஏதுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். "எங்கட பக்கம் வீடு பொம்பிளைக்குத்தான் தம்பி. நான் வந்து இருக்கிற ஆள்," என்றேன். அவன் பாவமாகப் பார்த்துவிட்டு எழுதினான்.

புது வீட்டில், அதாவது நடு வீட்டில், மதில் இல்லை. வந்த அன்றே கறி என் மேசையில் இறங்கி ஏறத் தொடங்கிவிட்டது. மூன்று குசினிக்கும் யன்னல் எதிரெதிரே விழவில்லை. திட்டத்து வீடுகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தவை. மூத்த சகலன் ஒரு பின்னேரம் உளியும் சுத்தியலும் கொண்டுவந்து சுவரை உடைத்து யன்னல் வைத்தார். நான் செங்கல் எடுத்துக் கொடுத்தேன். செயலாளராக அதற்கு அனுமதி கொடுத்தவனும் நான்தான்.

அவள் என்னோடு பழையபடி கதைக்கத் தொடங்கிய பிறகு ஒரு காலையில், மனைவி புதிய யன்னலடியில் மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தபோது, மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"அவரு என்னட்டக் கேட்டுட்டு வரச் சொன்னவராமே. ஏன் கேக்கல்ல?"

அவள் மீனைத் திருப்பிப் போட்டாள். "கேட்டா ஓமெண்டிருப்பீங்க."

"அப்ப?"

"ஓமெண்டு சொல்லிப்போட்டு முகத்தத் தூக்கி வச்சிரிப்பீங்க. அந்த முகத்தோட அக்காக்கும் தங்கச்சிக்கும் நடுவில நான் எப்பிடி இரிக்கிற? நீங்களா வந்தாத்தான் வாறதெண்டு இருந்தன்."

"வரல்லையெண்டா?"

"திருவலையோட நடந்து திரிஞ்சிருப்பன். நடந்துதானே திரிஞ்சன்."

யன்னலுக்கு அப்பாலிருந்து மூத்த மச்சாளின் குரல் வந்தது. "என்னகா, மச்சான் அங்க நிண்டு என்ன பறையிறார்?"

என் மனைவி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"ஒண்டுமில்லக்கா," என்று திரும்பிச் சொன்னாள். "தண்ணி வசதியப் பத்தி."

அந்தப் பக்கம் எழுந்த சிரிப்பு இளையவள் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. இவளும் சிரித்தாள், கையில் மீனோடு, கண்ணைத் துடைக்க முடியாமல். நான் பக்கத்தில் போய் அவள் முந்தானையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.